மறுமொழி: ‘செல்ஃப் சைன்டு’ சான்றிதழைத் ‘தற்குறி’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு சர்வர் ‘நான் இன்னார்’ என்று காட்டும் மின்சான்றிதழில் வேறு யாரும் ஒப்பமிடாமல் தானே ஒப்பமிட்டுக்கொண்டதுதான் ‘செல்ஃப் சைன்டு’. அதைப் பற்றிய பிழைச் செய்திகளைத் தமிழாக்க ஒரு சொல் கேட்டிருந்தீர்கள்:

> சுயசான்றிதழ், நம்பகமற்ற சான்றிதழ், தற்குறிச் சான்றிதழ். மூன்றில் எது? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பை மூட வேண்டும்.

மூன்றாவதை எழுதியவர் வேடிக்கைக்குத்தான் எழுதினாரோ என்னவோ, எனக்குப் பிடித்தது அதுதான். பிடித்தும் வேண்டாம் என்கிறேன். அதற்கு முன் ‘நம்பகமற்ற’ என்பதைக் கழித்துவிடுவோம். அதனால் என்ன கெடும் என்று எனக்குப் பட்டுத் தெரியும்.

நான் காரைக்குடியில் ஒரு கல்லூரிக்கு சர்வர் பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவகோட்டையில் இன்னொரு வளாகம். பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் இங்கே எல்டாப் (பயனர் விவரங்களை வைத்திருந்து கேட்டால் தரும் பேரேட்டு முறை) சர்வரில் இருக்கும். தேவகோட்டை சர்வர் அதைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்ளும், எதிரே இருப்பது காரைக்குடிதானா என்று சான்றிதழை வைத்துச் சரிபார்த்த பிறகு. போன ஆடியில் ஒரு புகார். கடவுச்சொல்லை மாற்றினவர்களுக்குக் காரைக்குடியில் புதியது செல்லுகிறது, தேவகோட்டையில் பழையதுதான் செல்லுகிறது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து அரை நாள் கேபிளோடு அலைந்தேன். எல்டாப் பேசும் 389ஆம் போர்ட் ஒழுங்காகத் திறந்திருந்தது. அப்புறம்தான் இரண்டு சர்வரிலும் காண்டெக்ஸ்ட்-சிஎஸ்என் மதிப்பை (கடைசி மாற்றம் எப்போது வந்தது என்று காட்டும் குறியீடு) எடுத்து ஒப்பிடத் தோன்றியது. தேவகோட்டை பதினொரு நாள் பின்னால் நிற்கிறது!

பதினொரு நாளுக்கு முன்னால், காலாவதியாகப் போகிறதே என்று இங்கிருந்த சான்றிதழை நானே மாற்றியிருந்தேன், சாவியும் புதிது. தேவகோட்டையில் நம்பச் சொல்லி வைத்திருந்ததோ பழைய சான்றிதழை. அதன் லாகில், சான்றிதழைச் சோதிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பிழை 18, அதாவது ‘செல்ஃப் சைன்டு, நம்ப முடியாது’ என்பது, நூற்றுக்கணக்கான வரி கிடந்தது. படியெடுக்கும் சர்வர் இப்படிப்பட்ட நேரத்தில் நின்று தொலைத்தாலாவது உடனே தெரியும். அது நிற்காது. கையிலிருக்கும் பழைய பேரேட்டை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கூட வேலை பார்க்கும் தம்பி ஒரு குறுக்கு வழி செய்தார். சான்றிதழைச் சோதிக்கும் அமைப்பையே ‘நெவர்’, அதாவது ஒருபோதும் சோதிக்காதே, என்று மாற்றிவிட்டார். ஓடியது. ஓடத்தானே செய்யும்? இனி யார் நடுவில் வந்து “நான்தான் காரைக்குடி” என்றாலும், படியெடுக்கும் கணக்கின் கடவுச்சொல்லைத் தேவகோட்டை எடுத்துக் கொடுத்துவிடும். அன்று மாலையே அதை நீக்கினேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பழைய சான்றிதழும் தானே ஒப்பமிட்டுக்கொண்டது, புதியதும் அப்படியே. ஒன்றைத் தேவகோட்டை நம்பியது, மற்றதை நம்பவில்லை. நம்பிக்கை சான்றிதழில் எழுதியிருக்கும் குணம் இல்லை, அதை வாங்கிப் பார்ப்பவரின் முடிவு. நம் உலாவிகள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் வேர்ச் சான்றிதழ்களும் (மற்றச் சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் தலைச் சான்றிதழ்கள்) தமக்குத் தாமே ஒப்பமிட்டவைதாமே. அவற்றையும் ‘நம்பகமற்ற’ என்போமா?

‘சுயசான்றிதழ்’ வேறு சிக்கல். ஜெராக்ஸ் நகலில் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைச் சுய சான்றொப்பம் என்று ஊரே அறியும். இது அதுவல்ல.

மிஞ்சியது தற்குறி. இன்று இது வசவு. ஆனால் எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடும் கீறலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். தன் குறி, தற்குறி. இங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது கதவும் தூணும் போக மீதியெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அங்கே ஒரு பெட்டிக்குள் பழைய அடமானப் பத்திரம் ஒன்றைப் பார்த்தேன். கடன் வாங்கினவர் பெருக்கல் குறி மாதிரி ஒன்று போட்டிருக்கிறார். பக்கத்தில், இது இன்னார் கீறல் என்று பத்திரம் எழுதினவர் கை. குறி இவருடையதுதான் என்று இன்னொருவர் எழுதிக் கையொப்பமிடுவதற்குத் தற்குறி மாட்டெறிதல் என்று கல்வெட்டுத் தமிழில் பெயரே இருக்கிறது. சான்றளிக்கும் நிறுவனம் செய்கிற வேலை அச்சு அசலாக இதுதான்!

எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஆனாலும் எச்சரிக்கைப் பெட்டியில் ‘இது தற்குறிச் சான்றிதழ்’ என்று வந்தால், படிப்பவர் சர்வரையோ என்னையோ திட்டுவதாக எடுத்துக்கொள்வார். மாட்டெறிதலுக்கு அடிக்குறிப்பு வேண்டும். பிழைச் செய்தியில் அதற்கு ஏது இடம்?

ஆகவே என் முன்மொழிவு: தன்னொப்பச் சான்றிதழ். யார் ஒப்பமிட்டது என்று மட்டும் சொல்கிறது, நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுதவில்லை.

---

> அண்ணே, தன்னொப்பம் சரி. ஆனால் பிழை 18, பிழை 19 இரண்டுக்கும் இதே சொல்லைப் போட்டால் குழம்பாதா?

நல்ல கேள்வி தம்பி. 18 என்றால் எதிரே வந்த சர்வர் சான்றிதழே தன்னொப்பம், அது நம்பகப் பட்டியலில் இல்லை. 19 என்றால் சர்வர் சான்றிதழுக்கு வேறொருவர் ஒப்பமிட்டிருக்கிறார், ஒப்பங்களைத் தொடர்ந்து மேலே போனால் கடைசியில் ஒரு தன்னொப்பம் நிற்கிறது, அதை நாம் இன்னும் ஏற்கவில்லை.

எனக்கு இரண்டாவதும் வந்தது. ஆடிக்கதைக்குப் பிறகு கல்லூரிக்கென்று சொந்தமாக ஒரு வேர்ச் சான்றிதழ் செய்து, இரண்டு சர்வருக்கும் அதைக்கொண்டே ஒப்பமிட்டேன். இனி சர்வர் சான்றிதழை எத்தனை தடவை மாற்றினாலும் வேரை மட்டும் நம்பினால் போதும். ஒவ்வொன்றிலும் அந்தந்த சர்வரின் பெயர் இருக்க வேண்டும். காரைக்குடிச் சான்றிதழை அப்படியே தேவகோட்டைக்குக் காப்பி அடித்தால் பெயர் பொருந்தவில்லை என்று பிழை வரும். இதையெல்லாம் செய்த அவசரத்தில் வேர்க் கோப்பைத் தேவகோட்டையில் வைக்க மறந்தேன். வந்தது 19.

அதனால் 18க்கு: ‘சர்வர் தந்தது தன்னொப்பச் சான்றிதழ், நம்பகப் பட்டியலில் இல்லை’.
19க்கு: ‘ஒப்பத் தொடரில் தன்னொப்பச் சான்றிதழ் உள்ளது, நம்பகப் பட்டியலில் இல்லை’.

நீளம்தான். எச்சரிக்கைப் பெட்டியில் இரண்டு வரியாக உடைந்தாலும் பரவாயில்லை. ‘ஒப்பத் தொடர்’ உறுத்தினால் ‘சங்கிலி’ என்று போடுங்கள், எனக்குச் சம்மதம். சனிக்கிழமை இரவு கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.