ரெட்னோ மார்சுடி: கயலின் செமினாருக்காகக் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

ராஜி சித்தி: *பல முறை பகிரப்பட்டது* "இந்தோனேசியாவின் முதல் பெண் தூதர் ரெட்னோ மார்சுடி! ஒவ்வொரு பெண்ணும் அறிய வேண்டிய வரலாறு!!" 🌹🌹 கயல், உன் செமினாருக்கு ஆகும்னு அனுப்பினேன்.

கயல்: தேங்க்ஸ் சித்தி 🙏 அத்தை, பெரியப்பா, செந்தில் அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். வாழ்க்கை வரலாறு வேண்டாம்னு எங்க காலேஜ் மேடம் சொல்லிட்டாங்க. வேலை எப்படி நடந்துச்சுன்னு மட்டும் சொல்லணுமாம். 20 நிமிஷம்.

மீனா அத்தை: ஃபார்வர்டை அப்படியே ஸ்லைடுல ஏத்திடாதே கண்ணு. முதல் பெண் *வெளியுறவு அமைச்சர்*னா சரி, 2014 அக்டோபர் 27 பதவியேற்பு. முதல் பெண் தூதர் லைலி ருசாட். 1959-லயே பெல்ஜியம், லக்ஸம்பர்க் ரெண்டுக்கும் தூதரா போனவங்க. ரெட்னோ பிறந்ததே 1962-ல, செமராங்ல. சுகார்னோ காலத்துல சுபெனின்னு இன்னொருத்தங்களும் உண்டு, ஒரே நாட்டுல உட்காராம பல நாட்டுக்குப் போய் வர்ற சுற்றுத் தூதர்.

ராஜி சித்தி: அப்போ "முதல்"ங்கிறதை எடுத்துட்டா என்ன இருக்கு அந்தம்மாகிட்ட?

மீனா அத்தை: நிறைய இருக்கு அண்ணி. அடிமட்டத்துல சேர்ந்து ஒவ்வொரு படியா ஏறி அமைச்சர் ஆனவங்க. 10 வருஷம் அந்த நாற்காலியில இருந்தாங்க. அவங்களுக்கு அப்புறம் வந்த சுகியோனோ, குடியரசுத் தலைவர் பிரபோவோவோட கட்சிக்காரர், துறை அதிகாரி இல்லை. அதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

செந்தில் அண்ணா: படி எத்தனைன்னு சொல்லிடுறேன் கயல். அட்டாஷே, மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சலர், மினிஸ்டர் கவுன்சலர், மினிஸ்டர், தூதர். மொத்தம் 8.

செந்தில் அண்ணா: நடுவுல மூணு பயிற்சி. சேர்ந்ததும் செக்டிலு, நடு மட்டத்துல செஸ்டிலு, மூத்தவங்களுக்கு செஸ்பார்லு. இங்க ஜகார்த்தாவுல எந்த டிப்ளமேட்டைப் பார்த்தாலும் "நீங்க எந்த செக்டிலு பேட்ச்"னுதான் பேச்சே ஆரம்பிக்கும். நம்ம ஐ.எஃப்.எஸ். ஆளுங்க பேட்ச் வருஷம் கேட்கிற மாதிரிதான்.

கயல்: அண்ணா, அவங்க போஸ்டிங் வரிசை?

செந்தில் அண்ணா: யோக்யகர்த்தா கஜா மடா பல்கலைக்கழகத்துல சர்வதேச உறவுகள் படிப்பு, 1985. துறையில சேர்ந்தது 1986. 1990–94 ஆஸ்திரேலியாவுல கான்பரா. 1997–2001 நெதர்லாந்துல ஹேக், பொருளாதாரப் பிரிவு. திரும்பி வந்து 2003-ல மேற்கு ஐரோப்பா இயக்குநர். 2005-ல நார்வே, ஐஸ்லாந்து தூதர். 2008-ல அமெரிக்கா-ஐரோப்பா தலைமை இயக்குநர். 2012-ல நெதர்லாந்து தூதர். அங்கிருந்து நேரா அமைச்சர்.

செந்தில் அண்ணா: வெளிநாட்டுல இருந்த வருஷத்துக்கு நடுவுல ஜகார்த்தா வருஷமும் இருக்கு பாரு. அதை விட்டுட்டு "நாலு நாட்டுல தூதரா இருந்தார்"னு எழுதினா தப்பு. கான்பரால அவங்க தூதர் இல்லை, இளநிலை அதிகாரி.

மீனா அத்தை: அந்த ஜகார்த்தா வருஷத்துல ஒண்ணு முக்கியம். 2004 செப்டம்பர் 7, மனித உரிமைப் போராளி முனிர் ஆம்ஸ்டர்டாம் போற கருடா விமானத்துலயே செத்துப்போனார். ஆர்செனிக் விஷம்னு கண்டுபிடிச்சது டச்சு தடயவியல் ஆய்வகம். டிசம்பர்ல குடியரசுத் தலைவர் உண்மை அறியும் குழு போட்டப்போ ரெட்னோ அதுல ஒரு உறுப்பினர். பிரேதப் பரிசோதனைத் தாள் டச்சு அரசு கையில, இவங்களோ மேற்கு ஐரோப்பா இயக்குநர். அந்தக் குழு அறிக்கையை அரசாங்கம் இன்னைக்கு வரைக்கும் முறைப்படி வெளியிடலை. இது பாராட்டு ஸ்லைடுல வராது, ஆனா நீ போடு.

கயல்: போடுறேன் அத்தை. பெரியப்பா, ஒருத்தரைத் தூதரா அனுப்ப என்னென்ன நடக்கும்? புத்தகத்துல "குடியரசுத் தலைவர் நியமிப்பார்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

பெரியப்பா: அந்த ஒரு வரிக்குள்ள பல மாசம் ஓடிடும்மா. வரிசையாச் சொல்றேன், குறிச்சுக்கோ.

பெரியப்பா: அரண்மனை, அதாவது குடியரசுத் தலைவர் தரப்பு, பெயரை முடிவு பண்ணும். அடுத்து நாடாளுமன்றத்தோட முதல் குழு, கொமிசி சத்துன்னு சொல்வாங்க. வெளியுறவும் பாதுகாப்பும் அவங்க பொறுப்பு. கதவைச் சாத்திக்கிட்டு ஆளை உட்கார வெச்சு விசாரிப்பாங்க. அரசியல் சட்டம் 13-ஆம் பிரிவுல 1999 திருத்தத்துக்கு அப்புறம் வந்தது இது. குடியரசுத் தலைவர் அவங்க கருத்தைக் கவனத்துல எடுத்துக்கணும், அவ்வளவுதான். அவங்க சம்மதம்தான் கடைசின்னு சட்டத்துல இல்லை.

பெரியப்பா: அப்புறம் அக்ரேமான். போற நாட்டுகிட்ட "இவரை ஏத்துக்கிறீங்களா"ன்னு ரகசியமாக் கேட்கிறது. 1961 வியன்னா உடன்படிக்கை, 4-ஆம் பிரிவு. அவங்க மறுத்தா காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனாலதான் பதில் வர்றதுக்கு முன்னாடி பெயர் பத்திரிகையில கசிஞ்சா பெரிய தலைவலி. மறுத்தா ரெண்டு பக்கமும் முகம் போயிடும்.

பெரியப்பா: அது வந்ததும் இஸ்தானா நெகாரா மாளிகையில குடியரசுத் தலைவர் முன்னாடி பதவிப் பிரமாணம். கையில ரெண்டு கடிதம் கொடுப்பாங்க. ஒண்ணு நற்சான்றுக் கடிதம், இன்னொண்ணு முன்னால இருந்தவரைத் திரும்ப அழைக்கிற கடிதம். போய் இறங்கினதும் நகலை அந்த ஊர் வெளியுறவுத் துறையில கொடுக்கணும், அசல் நாட்டுத் தலைவர் கையில.

கயல்: ரெட்னோவுக்கு நார்வேயும் ஐஸ்லாந்தும் சேர்த்துன்னா?

பெரியப்பா: ரெண்டு தடவை. வீடும் ஆபீஸும் ஆஸ்லோவுல, ஐஸ்லாந்துக்குத் தனித் தூதரகம் கிடையாது. ஆஸ்லோவுல மன்னர்கிட்ட, ஐஸ்லாந்துல குடியரசுத் தலைவர்கிட்ட. ஒரு நாட்டுக்கு வாங்கின அக்ரேமான் இன்னொண்ணுக்குச் செல்லாது. ஹேக்ல குதிரை வண்டியில அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. சித்திக்குப் பிடிக்கிற ஸ்லைடு அதுதான்.

ராஜி சித்தி: 😄 குதிரை வண்டி படம் கண்டிப்பா வேணும்.

கயல்: இதுல எங்க தப்பா போகும் பெரியப்பா?

பெரியப்பா: கடைசிப் படியில கூடப் போகும். 2015 பிப்ரவரி 20, பிரேசில். இந்தோனேசியத் தூதர் அரண்மனைக்குள்ளேயே போயிட்டார், அழைப்பும் இருந்தது. மத்த நாட்டுத் தூதர்கள் கடிதத்தை வாங்கின பிரேசில் குடியரசுத் தலைவர் டில்மா ரூசெஃப் இவர் கடிதத்தை மட்டும் "இப்போ வேண்டாம்"னு தள்ளி வெச்சார். ஜனவரியில பிரேசில்காரர் ஒருத்தருக்கு இந்தோனேசியா மரண தண்டனை நிறைவேத்தினதுக்கான கோபம் அது. ஜகார்த்தா அவரை உடனே திரும்ப வரச் சொல்லிடுச்சு. ரெட்னோ அமைச்சராகி நாலு மாசம்கூட ஆகலை.

பெரியப்பா: அக்ரேமான் கிடைச்சிருந்தும் இது நடந்ததுதான் விஷயம். வியன்னா உடன்படிக்கை 13-ஆம் பிரிவைப் பார். எப்போ வேலை தொடங்கினதாக் கணக்குன்னு அந்தந்த நாட்டு வழக்கம்தான் தீர்மானிக்கும். சில நாட்டுல நகல் கொடுத்தாலே போதும், சில நாட்டுல அசல் கைமாறணும்.

செந்தில் அண்ணா: அந்த ஜனவரியில மரண தண்டனை நிறைவேறினவங்கள்ல டச்சு ஆளும் ஒருத்தர் உண்டு பெரியப்பா. நெதர்லாந்தும் தன் தூதரைத் திரும்ப அழைச்சுக்கிச்சு. சில மாசம் முன்னாடி வரைக்கும் ரெட்னோ தூதரா இருந்த நாடு!

மீனா அத்தை: கயல், இங்கதான் உன் செமினார் இருக்கு. நல்லாக் கவனி. அவங்க முதல்ல வேலை பார்த்த நாடு, தூதரா இருந்த நாடு, எல்லாமே அமைச்சர் ஆனதும் பிரச்சினையா திரும்பி வந்துச்சு. நெதர்லாந்து 2015 ஜனவரி. ஆஸ்திரேலியா 2015 ஏப்ரல். நார்வே 2021.

கயல்: ஆஸ்திரேலியா, பாலி நைன் கேஸா? பாலியில போதைப்பொருள் கடத்தல்ல ஒன்பது ஆஸ்திரேலியர்கள் மாட்டினாங்களே, அதுவா?

மீனா அத்தை: ஆமா. ஏப்ரல் 29, நுசா கம்பங்கன் தீவு. சுட்டுக் கொல்லப்பட்ட எட்டு பேர்ல மியூரன் சுகுமாரன் இலங்கைத் தமிழ் வம்சாவளி ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலியா கைதிப் பரிமாற்றம் வரைக்கும் கேட்டுப் பார்த்துச்சு. நடக்கலை, தூதரைத் திரும்ப அழைச்சுக்கிச்சு.

ராஜி சித்தி: அங்கயே வேலை பார்த்தவங்க, கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாமே.

பெரியப்பா: கருணை மனு குடியரசுத் தலைவர் கையிலம்மா. அமைச்சர் கையில ஒண்ணும் இல்லை. துறை பண்ண வேண்டியது, தண்டனை பற்றி அந்தந்த நாட்டுத் தூதரகத்துக்கு முறையா அறிவிக்கிறது. 1964 சட்டப்படி கைதிக்கு 3 நாள், அதாவது 72 மணி நேரம் முன்னாடி சொல்லியாகணும். அந்த 72 மணி நேரத்துல ஒரு டிப்ளமேட் எதிராளிகிட்ட போன்ல பேச முடிஞ்சா போதும், உறவு அறுந்து போகாது. பழைய போஸ்டிங் உதவுறது அந்த போன் காலுக்குத்தான். முடிவை மாத்துறதுக்கு இல்லை.

மீனா அத்தை: அதை அப்படியே எழுதிக்கோ. முகம் தெரிஞ்சவங்க இருந்தா காரியம் நடந்துடும்னு நம்ம ஊர்ல நினைக்கிறோம் இல்லையா, இந்த வேலையில அது பாதிதான் உண்மை.

கயல்: நார்வே என்ன ஆச்சு அத்தை?

மீனா அத்தை: காடு. 2010 மே-ல ஒப்பந்தம்: காடழிப்பைக் குறைச்சா நார்வே 100 கோடி டாலர் வரைக்கும் தரும். ஆனா காசு முன்பணம் இல்லை, குறைச்சுக் காட்டின கார்பனுக்குத்தான். டன்னுக்கு 5 டாலர். முதல் கணக்கு சுமார் 1.12 கோடி டன், அதனால 5.6 கோடி டாலர். கணக்கு ஒத்துக்கிட்டாங்க, காசு வரலை. எந்த வழியா, என்ன நிபந்தனையில கொடுக்கிறதுன்னு இழுத்துக்கிட்டே போச்சு. 2021 செப்டம்பர் 10 இந்தோனேசியா ஒப்பந்தத்தையே முறிச்சுக்கிச்சு. அடுத்த வருஷம் புது ஒப்பந்தம் போட்ட பிறகு அந்தக் காசும் வந்துச்சு.

செந்தில் அண்ணா: முறிச்ச அறிவிப்பு வெளியுறவுத் துறையில இருந்து, புது ஒப்பந்தம் சுற்றுச்சூழல் துறை கையெழுத்து. இந்த வேறுபாடு மார்க் வாங்கித் தரும்.

கயல்: சூப்பர் அண்ணா. ரோஹிங்கியா, மியான்மர் பத்தி நெட்ல ரொம்பப் புகழ்ந்திருக்காங்க...

மீனா அத்தை: ரெண்டாப் பிரிச்சுக்கோ. 2017 செப்டம்பர் 4, மியான்மர் தலைநகர் நைபிடாவுல ஆங் சான் சூகியைப் பார்த்தாங்க, தளபதியையும் பார்த்தாங்க. மறுநாளே டாக்கா. அவங்க வெச்சது 4+1: அமைதியும் பாதுகாப்பும் திரும்பணும், வன்முறை இல்லாம அதிகபட்சக் கட்டுப்பாடு, இனம் மதம் பார்க்காம எல்லாருக்கும் பாதுகாப்பு, நிவாரணத்துக்கு உடனே வழி. கூட்டல் 1, கோஃபி அன்னான் குழுவோட பரிந்துரை. ஆள் எந்தச் சமூகம்னு பெயர் குறிப்பிடாம எழுதினதைக் கவனி. "ரோஹிங்கியா"ன்னு எழுதியிருந்தா அந்தக் கதவே திறந்திருக்காதுங்கிறது என் கணிப்பு.

மீனா அத்தை: 2021 வேற கதை. பிப்ரவரி 1 மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. 24-ஆம் தேதி பாங்காக்குல ராணுவ அரசோட வெளியுறவு அமைச்சரைச் சந்திச்சாங்க. அதுக்கு முன்னாடியே யாங்கோன்ல இந்தோனேசியத் தூதரகம் முன்னால மக்கள் கூடிட்டாங்க, "எங்க ஓட்டை மறந்துட்டு புதுத் தேர்தலுக்கு ஒத்துக்கிறீங்களா"ன்னு. ஏப்ரல் 24 ஜகார்த்தாவுல ஆசியான், அதாவது தென்கிழக்காசிய நாடுகள் கூட்டமைப்பு, 5 அம்ச உடன்பாடு போட்டுச்சு. மியான்மர் ராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங் அதுல உட்கார்ந்திருந்தவர்தான், ஊருக்குப் போய்க் கடைப்பிடிக்கலை. ஆசியான்ல ஒருமித்த கருத்து வேணும், தண்டிக்க வழியே இல்லை. 2023-ல இந்தோனேசியாவே தலைமை ஏத்து எல்லாத் தரப்போடயும் சத்தமில்லாமப் பேசிப் பார்த்தும் பெருசா அசையலை. தோல்வின்னே எழுதலாம், தப்பில்லை.

செந்தில் அண்ணா: ஐ.நா. பாதுகாப்பு சபையும் சேர்த்துக்கோ. நிரந்தரமில்லாத உறுப்பினர் இடத்துக்கு 2018 ஜூன் 8 நடந்த தேர்தல்ல மாலத்தீவுக்கு 46, இந்தோனேசியாவுக்கு 144. 2020 ஆகஸ்ட் இவங்க தலைமை மாசம். 28-ஆம் தேதி அமைதிப் படையில பெண்கள் பத்தின தீர்மானம் 2538 ஒருமனதா நிறைவேறுச்சு, இந்தோனேசியா கொண்டு வந்தது. 31-ஆம் தேதி பயங்கரவாத வழக்குகள் பத்தின இன்னொரு இந்தோனேசிய வரைவு: ஆதரவு 14, எதிர்ப்பு 1. அந்த ஒண்ணு அமெரிக்கா, வீட்டோ. சிரியா, ஈராக் முகாம்கள்ல இருக்கிற போராளிகளை அவங்கவங்க நாடு திரும்ப அழைச்சுக்கணும்னு அதுல இல்லைங்கிறது அவங்க வாதம்.

கயல்: மூணு நாள்ல ரெண்டும் 😮

பெரியப்பா: பாலஸ்தீனமும் கேட்பாங்க. 2016 மார்ச்ல பாலஸ்தீனத்து ரமல்லாவுக்கு இந்தோனேசிய கௌரவ கான்சலைப் பதவியேற்க வைக்க ரெட்னோ போகணும். இஸ்ரேலோட இந்தோனேசியாவுக்கு உறவு கிடையாது, ரமல்லாவுக்குள்ள போற வழியோ இஸ்ரேல் கையில. விடலை. சடங்கை ஜோர்டான்ல அம்மானுக்கு மாத்திக்கிட்டாங்க. கௌரவ கான்சல் அந்த ஊர்க்காரரே, அதனால அவர் வெளியே வந்து பதவி வாங்கிக்கிட்டுத் திரும்ப முடிஞ்சது. ஜகார்த்தாவுல இருந்து ஒரு முழு நேரத் தூதரை அனுப்பியிருந்தா அவர் ஊருக்குள்ள நுழையவே முடியாது.

மீனா அத்தை: 2024 பிப்ரவரி 23, ஹேக் சர்வதேச நீதிமன்றத்துல இந்தோனேசியா வாதத்தை அவங்களே நேர்ல வாசிச்சாங்க. பாலஸ்தீனப் பகுதிகள்ல இஸ்ரேலோட ஆக்கிரமிப்பு பத்தின ஆலோசனைக் கருத்து விசாரணை அது. இனப்படுகொலை வழக்கு வேற, அதைத் தொடுத்தது தென்னாப்பிரிக்கா. ரெண்டையும் குழப்பினா மேடம் விட மாட்டாங்க.

ராஜி சித்தி: இப்போ வீட்டுல இருக்காங்களா அந்தம்மா?

பெரியப்பா: இல்லை, ஐ.நா. பொதுச் செயலரோட நீருக்கான சிறப்புத் தூதர். அறிவிப்பு 2024 செப்டம்பர் 13, அமைச்சர் பதவி முடிஞ்சது அக்டோபர் 20, புது வேலை நவம்பர் 1. கயல், ஸ்லைடுல மூணு தேதியையும் தனித்தனியாப் போடு. இந்தத் தூதர் பதவிக்கு அக்ரேமானும் கிடையாது, நற்சான்றுக் கடிதமும் கிடையாது. நாடுகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறதுதான் வேலை, கையெழுத்துப் போடுற அதிகாரம் இல்லை. மேடம் கேள்வி கேட்டா அடுத்த ஐ.நா. நீர் மாநாட்டைச் சொல்லு: 2026 டிசம்பர், ஐக்கிய அரபு அமீரகத்துல, செனெகலும் சேர்ந்து நடத்துது.