கல்விக் கடன் கிடையாது என்கிறார்கள், அவசரம் (காரிமங்கலம் / காவேரிப்பட்டணம்)

காரிமங்கலம்_அக்கா:
வணக்கம். தம்பிக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. பேங்கில் லோன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரத்துக்குள் பணம் கட்டச் சொல்லி கல்லூரியில் நெருக்குகிறார்கள். யாருக்காவது தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ஊத்தங்கரையான்:
சகோதரி, இவ்வளவு மட்டும் சொன்னால் எப்படி? கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் கோட்டாவா? எவ்வளவு கேட்டீர்கள்? எதற்காகக் கிடையாது என்றார்கள்? வாயால் சொன்னார்களா, எழுதிக் கொடுத்தார்களா?

மாந்தோப்பு:
தம்பி அரசுப் பள்ளியில் படித்தவனா? 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு 2021லிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும், கடனே வேண்டாம். முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஓசூர்_நைட்_ஷிப்ட்:
சந்தேகமே வேண்டாம், சிபில்தான், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவு. நம்ம பக்கம் மைக்ரோ ஃபைனான்ஸ் வாரத் தவணை இல்லாத வீடு எது? அம்மா பேரில் குழுக் கடன் ஒன்று தவணை தவறியிருக்கும், பேங்க்காரர் கம்ப்யூட்டரில் பார்த்ததும் முகம் மாறியிருக்கும். அப்பா, அம்மா இரண்டு பேர் சிபிலையும் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகவே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. காசு கேட்கும் ஆப் எதையும் தொடாதீர்கள்.

கிளை_அனுபவம்_32:
வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கல்விக் கடன் பற்றி இங்கே ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கடன் கேட்டுப் போகிறவர் அட்மிஷன் ஆர்டர், கல்லூரி தரும் கட்டண விவரம், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், பான் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். பாதி காகிதத்தோடு போய் நின்றுவிட்டு வங்கியைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது.

பர்கூர்_சீனியர்:
ஐயா, அந்தப் பெண் யாரையும் குறை சொல்லவில்லையே. தம்பிக்காக அலைந்துவிட்டு வந்து கேட்கிறார். தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும்.

காரிமங்கலம்_அக்கா:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். கவுன்சிலிங் சீட்தான், கிருஷ்ணகிரி பக்கம் தனியார் கல்லூரி. தம்பி எட்டாவது வரை மெட்ரிக் பள்ளி, அப்புறம்தான் அரசுப் பள்ளி, அதனால் 7.5 வராது என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். நான் பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டேன், அவன்தான் வீட்டில் முதல் பட்டதாரி, அந்தச் சான்று கொடுத்திருக்கிறோம். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. ஹாஸ்டலோடு சேர்த்து 1,15,000 கேட்கிறார்கள்.

ஊத்தங்கரையான்:
காரணம் என்ன சொன்னார்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை.

மாந்தோப்பு:
முதல் பட்டதாரிச் சலுகை கழித்த பிறகு 1,15,000மா, கழிக்காமலா? கவுன்சிலிங்கில் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. கல்லூரி தரும் தாளில் கல்விக் கட்டணம் தனி, விடுதி தனி, சாப்பாடு தனி, பஸ் தனி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை போட்ட தாளை வங்கியில் ஏற்க மாட்டார்கள். பிரித்து வாங்கினால் உங்களுக்கும் எது நியாயம், எது கூடுதல் என்று தெரியும். விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம், தேவைப்பட்டால் லேப்டாப் வரைக்கும் கல்விக் கடனில் சேர்க்கலாம். பலர் டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் குறைவாகக் கேட்டுவிட்டு, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். மனசு கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

தகடூர்_வாசி:
பி.எம். வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் போடுங்கள் அக்கா. ஜாமீன் இல்லை, சொத்து இல்லை. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரை கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியில் 3 சதவீதம் கழியும்.

பர்கூர்_சீனியர்:
தம்பி, அது எல்லாக் கல்லூரிக்கும் கிடையாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது தேசியத் தரவரிசையை வைத்து 860 நிறுவனங்கள் என்றுதான் அறிவித்தார்கள். அவர் சொல்லும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். வழக்கமான கல்விக் கடன் எப்போதும் இருக்கிறது. 4 லட்சம் வரை கையிலிருந்து பங்குத்தொகை போட வேண்டாம், சொத்து அடமானம் வேண்டாம், அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். 7.5 லட்சம் வரைக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் வெளியாள் ஜாமீன் கேட்கக் கூடாது.

வட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்படிப்புக்கு மத்திய அரசின் வட்டி மானியம் தனியாக இருக்கிறது. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் வட்டி முழுக்க அரசு ஏற்கும். ஆனால் கல்லூரிக்கு அதன் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரமோ, அந்தப் பிரிவுக்குத் தொழிற்படிப்புகளை மதிப்பிடும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரமோ இருக்க வேண்டும். இதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. வருமானச் சான்று இ-சேவையில் போட்டுத் தாசில்தார் அலுவலகம் வழியாக வாங்கியதாக இருக்க வேண்டும். ஒரு வருடம்தான் செல்லும், தேதியைப் பாருங்கள்.

ஓசூர்_நைட்_ஷிப்ட்:
இதெல்லாம் சரி, சிபில் சரியில்லை என்றால் எதுவும் நடக்காது. என் மச்சினனுக்கு அதுதான் நடந்தது.

காரிமங்கலம்_அக்கா:
அம்மாவின் குழுக் கடன் போன வருடமே முடிந்துவிட்டது. அப்பா பேரில் எந்தக் கடனும் இல்லை. காரணம் என்று எதுவும் சொல்லவில்லை. ஜெராக்ஸ் எல்லாம் ஒரு கவரில் வைத்து கவுண்டரில் கொடுத்தோம், மறுநாள் போனால் மேனேஜர் இங்கே கிடையாது என்று கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் தாளின் மேல் மூலையில் பென்சிலில் 'ஏரியா இல்லை' என்று சின்னதாக எழுதியிருக்கிறது.

ஊத்தங்கரையான்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சிபில் பஞ்சாயத்தே வந்திருக்காது. பேங்க் எந்த ஊரில், வீடு எந்த ஊரில்?

காரிமங்கலம்_அக்கா:
வீடு காரிமங்கலம் தாலுகா, எல்லையோரக் கிராமம். பேங்க் காவேரிப்பட்டணம். சந்தைக்கும் மண்டிக்கும் எங்களுக்கு அதுதான் பக்கம், அம்மா கணக்கு ரொம்ப வருடமாக அங்கேதான் இருக்கிறது.

தகடூர்_வாசி:
நீங்கள் தர்மபுரி மாவட்டம், பேங்க் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டம். அதற்கு முன்னால் போயிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஊத்தங்கரையான்:
ஏரியா என்று சொல்லிக் கல்விக் கடனை மறுக்கவே கூடாது. 2012 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இந்தக் கிளைக்கு இந்த ஊர்கள் என்று பிரிக்கும் சேவைப் பகுதிக் கணக்கு அரசுத் திட்டக் கடன்களுக்குத்தான், கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொன்ன சுற்றறிக்கை. 'கல்விக் கடன் சேவைப் பகுதி' என்று தேடினால் கிடைக்கும், பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் மாறினாலும் சரி, தாலுகா மாறினாலும் சரி.

கிளை_அனுபவம்_32:
சுற்றறிக்கையை மேனேஜர் மேசையில் போட்டால் வேலை நடந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு நாளும் வங்கிக்குள் உட்கார்ந்ததில்லை. நான்கு வருடம் கழித்து அந்தப் பையனைத் தேடிப் பிடித்துத் தவணை வாங்க வேண்டியவர் அந்த மேனேஜர். வீடு பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் தவறில்லை. காரிமங்கலத்திலேயே ஒரு கிளையில் கேட்டால் சுலபம்.

ஊத்தங்கரையான்:
அவர் நினைப்பது வேறு, விதி வேறு ஐயா. காவேரிப்பட்டணத்துக்கும் அந்தக் கிராமத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

தேன்கனிக்கோட்டை_தம்பி:
எல்லாரும் ரொம்ப யோசிக்கிறீர்கள். எங்கேயாவது வாங்கிவிடுங்கள் அக்கா. கல்விக் கடன் எல்லாம் கடைசியில் தள்ளுபடி ஆகும். ஒவ்வொரு தேர்தலுக்கும் பேச்சு வருகிறதே.

மாந்தோப்பு:
தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். இதை நம்பிக் கட்டாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போனால் அந்தப் பழைய பாக்கி வந்து முன்னால் நிற்கிறது. கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மாவுக்கும் அதே கதி, நகைக் கடனுக்குக் கூட வங்கியில் யோசிக்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டை_தம்பி:
பெரிய பெரிய கம்பெனிக் கடனை எழுதித் தள்ளும்போது கூலிக்காரன் பிள்ளைக் கடனை ஏன் தள்ளக் கூடாது? வேலையே கிடைக்காதவன் எப்படிக் கட்டுவான்?

பர்கூர்_சீனியர்:
நியாயமான கோபம்தான். ஆனால் அதற்கு வழி கட்டாமல் ஒளிந்துகொள்வது அல்ல. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. அதற்குப் பிறகும் வேலை கிடைக்கவில்லை என்றால் வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்கலாம். திருப்பிக் கட்ட 15 வருடம் வரைக்கும் காலம் தருகிறார்கள். முடிந்தவர்கள் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வருவது நல்லது. 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு மாதம் 750 ரூபாய். அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைத்துத் தரும் வங்கிகளும் உண்டு. நான் கட்டினேன், அதனால் வட்டி அசலோடு சேராமல் தப்பித்தேன்.

கிளை_அனுபவம்_32:
இது சரியான பேச்சு. கடன் வாங்கும்போது இருக்கும் பவ்யம் கட்டும்போதும் இருந்தால் எந்த மேனேஜரும் பென்சில் எடுக்க மாட்டார்.

மாந்தோப்பு:
தள்ளுபடி விவாதத்துக்குத் தனி இழை போடுங்களேன். அந்த அக்கா சீட் போய்விடுமோ என்று தவித்துக்கொண்டிருக்கிறார். அக்கா, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆன்லைனில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் (மேலே சொன்ன பி.எம். திட்டம் வேறு) பதிவு செய்தீர்களா, இல்லை கவரை மட்டும் கொடுத்தீர்களா?

காரிமங்கலம்_அக்கா:
கவர் மட்டும்தான். ஆன்லைனில் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

மாந்தோப்பு:
அப்படியானால் உங்கள் மனுவை யாரும் நிராகரிக்கவில்லை. அவர்கள் கணக்கில் உங்கள் மனு என்று ஒன்று இன்னும் இல்லவே இல்லை. கவரைத் திருப்பிக் கொடுத்தால் அதோடு சரி, யாரிடமும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்றே செய்ய வேண்டியது இது. 2015லிருந்தே வித்யாலட்சுமி தளம் இருக்கிறது, அதில் பதிவு செய்து பொது விண்ணப்பத்தை நிரப்புங்கள். ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். காவேரிப்பட்டணம் கிளையை ஒன்றாகப் போடுங்கள், காரிமங்கலத்தில் ஒன்று போடுங்கள், கல்லூரி பக்கத்தில் ஒன்று. மனு எண் வரும். அந்த எண் இருந்தால்தான் வங்கி மறுத்தாலும் காரணத்தோடு மறுக்க வேண்டும், மேலதிகாரிக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஊத்தங்கரையான்:
மனு எண் வந்த பிறகும் இழுத்தால், மாவட்டத்தில் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். அதற்கென்றே இருக்கிறார். காவேரிப்பட்டணம் கிளை பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் கிருஷ்ணகிரி, காரிமங்கலம் கிளை என்றால் தர்மபுரி. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். கல்விக் கடன் முகாம் நடத்துகிறார்கள் என்றால் விட்டுவிடாதீர்கள், எல்லா வங்கி ஆட்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள், ஏரியா பேச்சுக்கு அங்கே இடமிருக்காது. அப்படியும் வங்கி ஒரு மாதம் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனிலேயே போடலாம், செலவில்லை.

தகடூர்_வாசி:
அக்கா, நீங்கள் எம்.பி.சி.யா, பி.சி.யா? குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் உதவித்தொகையும் இருக்கிறது. தம்பியின் யூமிஸ் எண்ணை (கல்லூரி மாணவர்களுக்கான அரசுப் பதிவு எண்) கல்லூரியில் கேட்டு வாங்குங்கள், அதை வைத்துத்தான் விண்ணப்பம் போகிறது. அவன் பேரில் இருக்கும் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பழைய கணக்கு ஏதாவதில் ஆதார் இணைந்திருந்தால் பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும், நாம் வராத பணத்துக்குக் கல்லூரியில் சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

ஓசூர்_நைட்_ஷிப்ட்:
அக்கா, எதற்கும் ஒரு தடவை சிபில் பார்த்துவிடுங்கள். குழுக் கடன் முடித்தாலும் அங்கே முடிந்ததாகப் பதியாமல் கிடக்கும்.

மாந்தோப்பு:
இது நல்ல யோசனைதான். மறுக்கவில்லை.

ஊத்தங்கரையான்:
அக்கா, ஆன்லைனில் போட்டீர்களா? என்ன ஆனது?

தகடூர்_வாசி:
யாராவது தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் அக்காவுக்குப் போய் உதவுங்கள். நான் வார இறுதியில் பாலக்கோடு வருவேன், வேண்டுமானால் காரிமங்கலம் வந்து விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன்.

காரிமங்கலம்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. இ-சேவை மையத்தில் வைத்துப் போட்டுவிட்டோம், மனு எண் வந்துவிட்டது. கல்லூரியில் அந்தத் தாளைக் காட்டியதும் முதல் தவணைக்கு மாத இறுதி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். காவேரிப்பட்டணத்திலிருந்தே போன் வந்தது, அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமை வரச் சொன்னார்கள். அப்பா செவ்வாய் ராத்திரி பஸ் ஏறுகிறார்.

பர்கூர்_சீனியர்:
நல்ல செய்தி. அப்பாவின் பான் கார்டை மறக்க வேண்டாம். வெளியாள் ஜாமீன் கேட்டால் அங்கேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டார்களா இல்லையா என்று இங்கே ஒரு வரி போடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

சூளகிரி_ரோஜா:
அண்ணா, எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் நான் நர்சிங். என்ன செய்ய வேண்டும்?

ஊத்தங்கரையான்:
கவுன்சிலிங்கா, மேனேஜ்மென்ட்டா?