ஆங்கிலத்தில் ‘கான்டன்’ என்பது நகரமா, மாகாணமா?

வினா (கரிசல் வாசகர்):
அபினி வணிகம் குறித்த ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன். பழைய கட்டுரைகளில் ‘கான்டன்’, ‘குவாங்துங்’ என்றும், அண்மைக் கட்டுரைகளில் ‘குவாங்சௌ’, ‘குவாங்தோங்’ என்றும் பெயர்கள் வருகின்றன. கான்டன் ஓரிடத்தில் துறைமுகமாகவும் வேறோரிடத்தில் முழு மாகாணமாகவும் தோன்றுவதால், எல்லா இடங்களிலும் இன்றைய சீனப் பெயரை இட்டுவிடலாமா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (ஏட்டுச்சுவடி):
வணக்கம். ஆங்கில வழக்கில் கான்டன் என்பது பெரும்பாலும் நகரத்தையே, அதாவது தென்சீனாவில் முத்து ஆற்றின் கரையில் உள்ள இன்றைய குவாங்சௌவையே குறிக்கும். ஆனால் அச்சொல் பிறந்தது மாகாணப் பெயரிலிருந்து. குவாங்தோங் என்பதைப் போர்த்துகீசியர் தம் நாவுக்கேற்ப வழங்கிய வடிவமே ஆங்கிலத்துக்கு வந்தது என்பது பொதுவான கருத்து. 1757 முதல் 1842இல் முதல் அபினிப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை ஏற்படும் வரை மேலைநாட்டுக் கப்பல்கள் அந்த ஒரு துறைமுகத்தில் மட்டுமே வணிகம் செய்ய இசைவு பெற்றிருந்தன. வணிகர்கள் கண்ட மாகாணமெல்லாம் அந்நகரமாகவே இருந்ததனால், பெயர் அதன்மேல் நிலைத்ததில் வியப்பில்லை. அக்கால எழுத்துகளில் ‘கான்டன் மாகாணம்’ என்ற தொடரும் உண்டு. தங்களுக்கு ஏற்பட்ட குழப்பத்தின் மூலம் அதுவே. 1906இல் சீன அஞ்சல் துறை இடப்பெயர்களுக்கு உரோம எழுத்து வடிவங்களை வரையறுத்தபோது, மாகாணத்துக்குக் குவாங்துங் என்றும் நகரத்துக்குக் கான்டன் என்றும் வழக்கு பிரிந்து நின்றது. 1979 முதல் சீன அரசின் சின்குவா செய்தி நிறுவனம், சீன ஒலிகளை உரோம எழுத்தில் எழுதும் பின்யின் முறைக்கு மாறிய பிறகே, குவாங்தோங், குவாங்சௌ என்னும் வடிவங்கள் ஆங்கில இதழ்களில் வேரூன்றின.

மறுமொழி (சிங்கை வாசகர்):
இடப்பெயரைவிட ‘கான்டனீஸ்’ என்ற சொல்லில்தான் கூடுதல் கவனம் தேவை என்பேன். சிங்கப்பூரில் எங்கள் அண்டை வீட்டாராக வாழும் தியோச்சு என்னும் சீனப் பிரிவினரின் பூர்விகமான சாவ்சௌ வட்டாரமும் குவாங்தோங் மாகாணத்தில்தான் உள்ளது. ஹக்கா என்னும் மற்றொரு சீனப் பிரிவினர் பலரின் மூதாதையரும் அம்மாகாணத்தவரே. ஆயினும் இவ்விரு சாராரையும் ஆங்கிலத்தில் எவரும் கான்டனீஸ் என்று அழைப்பதில்லை. அச்சொல் குவாங்சௌவிலும் ஹாங்காங்கிலும் பேசப்படும் மொழியையும், அம்மொழியினரையுமே சுட்டுகிறது. அண்டை மாகாணமான குவாங்சியின் கிழக்குப் பகுதியிலும் அதன் கிளைமொழிகள் வழங்குகின்றன. ஆகவே ‘குவாங்தோங் மொழி’ என்று தமிழாக்கினால் பொருள் பிழையாகும். கான்டனீஸ் என்றே விட்டுவிடுங்கள்.

மறுமொழி (நிலவரை):
மேலும் ஓர் எச்சரிக்கை. 20ஆம் நூற்றாண்டு வரலாற்றில் ‘குவாந்துங் படை’ என்ற பெயரைக் காண்பீர்கள். 1931இல் ரயில் பாதையில் தானே குண்டுவைத்துச் சீனர்மேல் பழிபோட்ட முக்டன் நிகழ்வை அரங்கேற்றி மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை அது. ஆங்கிலத்தில் ‘குவாங்துங்’ என்பதைவிட ஓர் எழுத்து மட்டுமே குறைவதால் பலர் அதைத் தென்சீன மாகாணத்தோடு இணைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்பெயர் சீனப் பெருஞ்சுவரின் கிழக்கு முனையில் உள்ள ஷான்ஹாய் கணவாய்க்குக் கிழக்கே உள்ள வடகிழக்கு நிலப்பரப்பைக் குறிப்பது. கான்டனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு எளிதில் மறைந்துவிடும் என்பதால், முதல் இடத்திலேயே ‘மஞ்சூரியாவில் இருந்த’ என்ற அடைமொழியைச் சேர்ப்பது நல்லது.

மறுமொழி (ஏட்டுச்சுவடி):
இன்றைய பெயரையே எங்கும் இடலாமா என்பதற்கு நேரடியாக விடை சொல்லவில்லை. வேண்டாம் என்பதே என் கருத்து. கான்டன் வழக்கொழிந்த பெயர் அன்று. சீனர்களே அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். 1957 முதல் நடைபெறும் வணிகக் கண்காட்சி ஆங்கிலத்தில் இன்றும் ‘கான்டன் கண்காட்சி’தான். 2010இல் திறக்கப்பட்ட 600 மீட்டர் உயரக் கோபுரத்துக்கும் ‘கான்டன் கோபுரம்’ என்றே ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். அந்நகர விமான நிலையத்தின் குறியீடும் சி.ஏ.என். என்பதே.

வினவியவர்:
அனைவருக்கும் நன்றி. 1842க்கு முற்பட்ட வணிகம் பேசப்படும் இடங்களில் கான்டன் என்றே எழுதி, முதல் முறை வரும்போது ‘இன்றைய குவாங்சௌ’ என்று குறிக்கிறேன். ‘கான்டன் மாகாணம்’ என்று மூலத்தில் வந்தால் மட்டும் குவாங்தோங் என்று மாற்றிவிடுகிறேன்.