திருட்டுக்கு முன்பே வந்த துக்கம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில், தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவன் நான். போதைப் பழக்கம், திருட்டு, மனச்சோர்வு ஆகிய மூன்றும் ஒரே பையனிடம் சேர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியவர்கள் கண்ணில் முதலில் படுவது, பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்ந்த திருட்டுதான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் காப்பர் வயரை அறுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றபோது பிடிபட்டான். அவன் நெடுநாளாகவே கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கடியில் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்ததும், தந்தை இறந்த பிறகே அந்தப் பழக்கம் தொடங்கியதும் அதற்குப் பின்னரே தெரியவந்தன. "அப்பன் போனப்பக்கூட இவன் அழுவலைங்க சார், எல்லார் மேலயும் எரிஞ்சு எரிஞ்சு விழுந்தான்" என்றார் தாய். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக இல்லாமல் எரிச்சலாகவும் சண்டையாகவும் வெளிப்படக்கூடும் என்பது மனநல மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. ஆசிரியர் அறையில் அதற்குத் திமிர் என்று பெயர். நிகோடின் கிடைக்காத நேரத்திலும் அதே எரிச்சலும் தூக்கமின்மையும் வருவதால், எது எப்போது தொடங்கியது என்று வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டு வரிசைப்படுத்தாமல் எதையும் முடிவு செய்ய இயலாது.

காவல் நிலையத்தில் அவன்மீது முதல் தகவல் அறிக்கை பதிவாகவில்லை. 2016ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதி மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாகவோ இல்லாதபோது, பொது நாட்குறிப்பில் குறித்துக்கொண்டு, சிறுவனின் சமூகப் பின்னணி அறிக்கையை, சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. பொட்டலம் விற்ற பெட்டிக்கடைக்காரரை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். கேரளம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் குட்காவைத் தடை செய்த பிறகும், எல்லையின் இருபுறமும் பையன்களுக்கு எந்தக் கடையில் கேட்க வேண்டும் என்பது தெரிந்தே இருக்கிறது.

அவனுக்கு உதவி கிடைப்பதில் இருந்த பெரிய தடை வேறொன்று, மொழி. ஆலோசகர் மலையாளத்தில் அன்பாகத்தான் பேசினார். அவனுக்குத் தெரிந்த மலையாளம் கடையில் பொருள் கேட்கப் போதும், தந்தையைப் பற்றிப் பேசப் போதாது. பொள்ளாச்சியில் தமிழ் பேசும் மனநல மருத்துவரிடம் தாய் அழைத்துச் சென்ற பின்பே அவன் வாய் திறந்தான். புகையிலையை முழுதாக விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கு ஒழுங்காக வருகிறான், இரவில் தூங்குகிறான்.

எல்லா மாணவர்களுக்கும் இந்த வரிசை பொருந்தாது. வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல், கூட்டாளிகளோடு விளையாட்டாகத் தொடங்கி, காசுக்காகப் பொய்யும் களவும் பழகி, அதன் பிறகே மனம் ஒடிந்து போனவர்களும் உண்டு. எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் தமிழிலேயே பேசக்கூடிய குழந்தைகள் ஆலோசகர் யாரையேனும் அறிந்தவர்கள் இங்கே குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.