வாரம் எட்டரை மணி நேரத்தில் 70.3 டிரையத்லானுக்குத் தயாராவது எப்படி?

கேள்வி (வேளச்சேரி ஓட்டக்காரன்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. சென்னையில் மென்பொருள் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி வரும். மூன்று ஆண்டுகளாக ஓடி வருகிறேன், அரை மாரத்தானை 2 மணி 5 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். கோவாவில் 2019 இல் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் பதிந்துள்ளேன். 1.9 கி.மீ. கடல் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டும்; மொத்தம் 70.3 மைல். இன்னும் இருபது வாரங்கள் இருக்கின்றன.

குடும்பத்தையும் பணியையும் விட்டுக்கொடுக்காமல் பார்த்தால், வாரத்தில் எட்டு முதல் எட்டரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. கடந்த ஒரு மாதமாக நான்கு நாள் ஓட்டம், ஞாயிறு சைக்கிள், நேரம் கிடைத்தால் ஒரு நாள் நீச்சல் என்று செய்து பார்த்தேன். எல்லா நாளும் களைப்பாகவே வீடு திரும்புகிறேன். வலது கெண்டைக்காலில் பழைய வலி மீண்டும் தலைகாட்டுகிறது. நீச்சலில் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 விநாடி ஆகிறது, நான்காவது சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது. எதைக் குறைத்து எதைக் கூட்டுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (நெடுஞ்சாலை மிதிவண்டி):

முதலில் பந்தய நாளை நேரமாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் இப்போதைய வேகத்தில் நீச்சலுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் ஆகும். மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சைக்கிளுக்கு மூன்றே கால் மணி நேரம். களைத்த கால்களுடன் ஓட்டத்துக்கு இரண்டு மணி இருபது நிமிடம் என்று வையுங்கள். மொத்த நேரத்தில் பாதி சைக்கிளின் மீதே கழிகிறது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்கிற ஓட்டத்துக்கு நான்கு நாளும், பாதிப் பந்தயத்துக்கு ஒரே ஒரு நாளும் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஓட்டத்தை நேசிக்கிறவர்கள் எல்லோருக்கும் முதல் பருவத்தில் நேர்வது இதுதான், எனக்கும் நேர்ந்தது.

உங்கள் எட்டரை மணி நேரத்தில் நான்கு மணி சைக்கிளுக்கும், இரண்டே கால் மணி நீச்சலுக்கும், இரண்டே கால் மணி ஓட்டத்துக்கும் போகட்டும். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய், வியாழன், வெள்ளி காலைகளில் முக்கால் மணி நேர நீச்சல். புதன் மாலை வீட்டிலேயே டிரெய்னரில் (சைக்கிளை ஓரிடத்தில் பொருத்தி மிதிக்கும் சாதனம்) ஒரு மணி நேரம், அதற்குள் பத்து நிமிடக் கடும் மிதிப்பு மூன்று முறை. வியாழன் மாலை முக்கால் மணி நேர மென்னோட்டம். சனிக்கிழமை விடியுமுன் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்படுங்கள்; கோவளம்வரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 50 கி.மீ., சில வாரங்கள் கழித்து மாமல்லபுரம்வரை போய்த் திரும்பினால் பந்தயத் தூரத்தை நெருங்கிவிடுவீர்கள். இறங்கியதும் காலணி மாற்றி, கால்கள் மரத்திருக்கும்போதே பதினைந்து நிமிடம் ஓடுங்கள். பிரிக் பயிற்சி என்பது இதுதான். ஞாயிறு ஒன்றே கால் மணி நேர நெடிய ஓட்டம்.

புதன்கிழமையின் அந்த முப்பது நிமிடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் மட்டுமே செய்யுங்கள். தினமும் களைத்துத் திரும்புவதாகச் சொல்கிறீர்கள். மென்மையாக இருக்க வேண்டிய நாள்களும் கடினமாகிவிட்டன என்பதே அதன் பொருள். சனிக்கிழமையே பந்தய உணவையும் பழகிக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம்தான் இருக்கிறது என்பதால், பழத்தை மட்டும் நம்பினால் போதாது.

பதில் 2 (நீச்சல் ஆசிரியை):

மேலே சொன்ன பகிர்வு எனக்கு ஏற்புடையதே. நீச்சலை வாரம் மூன்று முறையாகப் பிரித்தது மிகவும் சரி, ஏனெனில் ஒரு வார இடைவெளியில் உடல் தண்ணீரின் பிடிப்பை மறந்துவிடும். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில் தூரத்தைக் கூட்டுவதில் இறங்கிவிடாதீர்கள். நான்காவது சுற்றில் மூச்சு வாங்குவதற்கு உடல் திறன் குறைவு காரணமல்ல. அரை மாரத்தான் ஓடுகிறவரின் நெஞ்சுக்கு 100 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்து, தலையைத் திருப்பிய அந்த ஒரு கணத்தில் வெளிவிடுவதையும் உள்ளிழுப்பதையும் சேர்த்துச் செய்ய முயல்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். நீருக்குள் குமிழ் குமிழாக வெளிவிட்டுக்கொண்டே இருங்கள். ஆறு வாரங்களுக்கு 50 மீட்டர் துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே இருபது விநாடி ஓய்வுடன் நீந்துங்கள். ஓட்டக்காரர்களின் கணுக்கால் இறுகியிருப்பதால் வேகமாக உதைத்தாலும் பெரிதாக நகர முடியாது; உதைப்பைக் குறைத்துக் கால்களைச் சைக்கிளுக்காகச் சேமியுங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 70.3 போட்டிகளில் நீச்சலுக்கு வழக்கமாக 1 மணி 10 நிமிடம் தருகிறார்கள். உங்கள் வேகம் அதற்குள் அடங்கும். கடலில் நேர்கோட்டில் போவதுதான் பழக வேண்டியது. குளத்திலேயே ஆறு எட்டு வீச்சுகளுக்கு ஒரு முறை கண்களை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி முன்னால் பார்த்துப் பழகுங்கள். கடல் பயிற்சிக்குத் தனியாக மட்டும் இறங்கிவிடாதீர்கள். சென்னைக் கரையின் நீரோட்டம் நல்ல நீச்சல்காரர்களையும் இழுத்துச் சென்றிருக்கிறது. பாதுகாப்புப் படகும் பயிற்றுநரும் உள்ள குழுவோடு மட்டுமே இறங்குங்கள்.

பதில் 3 (இயன்முறை மருத்துவர்):

ஒரு மாற்றத்தை வலியுறுத்துகிறேன். சனிக்கிழமை மூன்று மணி நேரம் மிதித்துவிட்டு, அடுத்த காலையே நெடிய ஓட்டம் என்பது பழைய கெண்டைக்கால் வலி உள்ளவருக்குப் பொருந்தாது. களைத்த தசை அதிர்ச்சியைத் தாங்காமல் பாரத்தைத் தசைநாணுக்குத் தள்ளிவிடும். நெடிய ஓட்டத்தைப் புதன் காலைக்கும், டிரெய்னரை வியாழன் மாலைக்கும், மென்னோட்டத்தை ஞாயிறுக்கும் மாற்றுங்கள். வாரம் இருமுறை, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கும் பயிற்சியைப் பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். காலை எழுந்து முதல் அடிகளில் வலி கூடினால் அன்று ஓட்டம் வேண்டாம்.

வெப்பத்தைப் பற்றி இதுவரை யாரும் குறிப்பிடவில்லை. இந்தத் திட்டத்தில் பயிற்சி எல்லாம் காலையிலும் மாலையிலுமே வருகிறது. பந்தயத்திலோ ஓடத் தொடங்கும்போது முற்பகல் பதினோரு மணி ஆகிவிடும். வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். கடைசி மூன்று வாரங்களில் சில மென்னோட்டங்களைப் பத்து மணி வெயிலில், தண்ணீரோடும் துணையோடும் செய்யுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. தலைச்சுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி (வேளச்சேரி ஓட்டக்காரன்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூச்சை அடக்குகிறேன் என்பது உண்மைதான். இன்று காலை குமிழ் விட்டு நீந்தியபோது ஆறு சுற்றுகள் நிற்காமல் முடிந்தன. நெடிய ஓட்டத்தைப் புதனுக்கு மாற்றிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: இரவுப் பணி வாரத்தில் விடுபடும் பயிற்சிகளை அடுத்த வாரம் ஈடுசெய்ய வேண்டுமா?

பதில் 1 (நெடுஞ்சாலை மிதிவண்டி):

வேண்டாம். புதன் ஓட்டம் பற்றி மருத்துவர் சொன்னதே சரி, என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன். மூன்று வாரம் படிப்படியாகக் கூட்டி, நான்காவது வாரம் அளவை மூன்றில் ஒரு பங்காவது குறைப்பது எப்படியும் தேவை. அந்தக் குறைப்பு வாரத்தை உங்கள் இரவுப் பணி வாரத்தில் வைத்துவிடுங்கள். நீச்சல் இரண்டு, குட்டையான ஓட்டங்கள் இரண்டு, தூக்கம் முடிந்த பிறகு ஒன்றரை மணி நேர சைக்கிள். இரவு விழித்துவிட்டு நேராக நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். அன்று டிரெய்னர் போதும். கடைசி இரண்டு வாரங்களில் இரவுப் பணி விழாதபடி இப்போதே உங்கள் மேலாளரிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.