ஆர்வியில் அரிசோனா பாலைவனம்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

ஜூலையில் பிள்ளைகளுக்கு லீவு, ஆர்வி (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு அரிசோனா பக்கம் போகலாமா என்று அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஃபீனிக்ஸில் ஜூலை மாதப் பகல் சராசரியே 41 டிகிரி. வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதென்ன பெரிது என்று தோன்றும். ஆனால் வேலூரில் சட்டை நனைந்து ஒட்டும், உடம்பு நீர் இழப்பது தெரியும். அரிசோனாவில் காற்று அவ்வளவு வறட்சி. வேர்த்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். தாகம் எடுக்கும்போது தலைவலியும் கூடவே வந்து நிற்கும். குளிர்காலமானாலும் குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 4 லிட்டர், கேன்களில் தனியாக வைத்திருங்கள்.

என் அனுபவத்தில் இந்தப் பயணத்தை மைல் கணக்கில் திட்டமிடக் கூடாது, தண்ணீர்க் கணக்கில் திட்டமிட வேண்டும். அதிலும் நம் வீட்டுச் சமையலுக்கு முதலில் தீர்வது நல்ல தண்ணீர் அல்ல, கழிவுநீருக்கான இடம்தான். ஆர்வியில் மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீருக்கு ஒன்று, சிங்க்கிலும் குளியலறையிலும் இருந்து போகும் நீருக்கு கிரே டேங்க், கழிப்பறைக்கு பிளாக் டேங்க். நாங்கள் முதலில் எடுத்த வண்டியில் நல்ல தண்ணீர் 40 கேலன், கிரே டேங்க் 30 கேலன். நான்கு பேர். அரிசி களைந்தோம், கீரை அலசினோம், சாம்பார்ப் பாத்திரம் தேய்த்தோம், எல்லோரும் குளித்தோம். இரண்டாம் நாள் மாலையே டேங்க் நிறைந்து, அழுக்குத் தண்ணீர் குளியலறைத் தரையில் பொங்கி வந்துவிட்டது. பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்காரவைத்து, டம்ப் ஸ்டேஷன் (கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் இடம்) தேடி இருட்டில் 35 மைல் ஓட்டினேன். கழிவுநீரைத் தரையில் திறந்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மண்ணுக்கு அது கெடுதல், பூங்காக்களில் குற்றமும்கூட.

இப்போது வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு எல்லாம் வீட்டிலேயே செய்து எடுத்துப் போகிறோம். அங்கே சோறு மட்டும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். குளியல் ஒருநாள் விட்டு ஒருநாள்.

குக்கரை மறக்க வேண்டாம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரும் சுமார் 7,000 அடி, ஏறக்குறைய ஊட்டி உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது, கேஸ்தான் வீண். ஜனவரியில் வாடகை ஆர்வியோடு அந்த உயரத்துக்குப் போகவும் வேண்டாம். இரவில் குழாய்கள் உறைந்துவிடும்.

மின்சாரம் பற்றி ஒன்று. ஹூக்கப் (வண்டிக்கு மின்சாரமும் தண்ணீரும் தரும் இணைப்பு) உள்ள இடங்களில் 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏசியும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடினாலே அதன் விளிம்புக்கு வந்துவிடும், மிக்ஸியையும் போட்டால் டிரிப் ஆகும். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே உதவாது.

தங்கும் இடத்துக்கு வருவோம். மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை வசமிருக்கும் பொது நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். குவார்ட்ஸ்சைட் ஊரைச் சுற்றிக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான ஆர்விகள் நிற்பது இப்படிப்பட்ட பொது நிலங்களில்தான். ஆனால் தண்ணீர், கரண்ட், சில இடங்களில் போன் சிக்னல்கூட இருக்காது. முதல் பயணத்திலேயே இது வேண்டாம். எங்கே நின்றாலும் வறண்ட ஓடைத் தடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். குற்றாலத்தில் கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை அருவியில் சீறி இறங்குமே, அதே கதைதான் இங்கேயும். வெள்ளத்துக்காகத் தடுப்பு வைத்த சாலையில் புகுந்து மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவை நம் தலையில் கட்ட அரிசோனாவில் சட்டமே இருக்கிறது.

புழுதிப் புயல் வந்தால் சாலையை விட்டு நன்றாக வலப்பக்கம் ஒதுங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஹேண்ட்பிரேக் போட்டு உட்காருங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதிவிடுவார்.

விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) பிரிண்டையும் கையில் வைத்திருங்கள். 18 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் இந்தப் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தெற்கு அரிசோனா நெடுஞ்சாலைகளில், நீங்கள் எல்லையே தாண்டாவிட்டாலும், எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. அப்புறம், கலிஃபோர்னியாவுக்குள் போவதாக இருந்தால் பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். அது எலுமிச்சைக் குடும்பம். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும். மாநில எல்லையில் காய்கனி சோதிக்கிறார்கள். தொக்கில் தாளித்துச் சேர்த்ததே போதும்.

சரி, முதல் பயணத்துக்கு எங்கே என்றால் நான் சொல்வது ஆர்கன் பைப் கள்ளித் தேசியச் சின்னம் (மத்திய அரசு பாதுகாக்கும் பாலைவனப் பகுதி), மெக்சிகோ எல்லையை ஒட்டி. அங்குள்ள ட்வின் பீக்ஸ் முகாமில் ஹூக்கப் கிடையாது, ஆனால் குடிநீரும் டம்ப் ஸ்டேஷனும் உள்ளேயே இருப்பதால் தொட்டிக் கவலை இல்லாமல் மூன்று இரவு தங்கலாம். முன்பதிவு இணையத்தில். நாதஸ்வரங்களைக் கட்டி நிறுத்தியது போன்ற அந்தக் கள்ளிகள் அமெரிக்காவில் இத்தனை எண்ணிக்கையில் வேறெங்கும் இல்லை. பிள்ளைகள் நடக்கும்போது சோயா (cholla) என்ற முள் கள்ளியின் பக்கம் விடாதீர்கள், லேசாகப் பட்டாலே துண்டாக ஒட்டிக்கொள்ளும். பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். கையால் பிடுங்காமல் சீப்பை அடியில் கொடுத்துத் தட்டிவிட்டால் வந்துவிடும்.