புதுப்பிப்பு: கோத்தகிரி ஏத்தத்துல திணறுன லாரி சரியாயிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, மேட்டுப்பாளையத்துலேர்ந்து கோத்தகிரி ஏறும்போது எங்க பழைய லாரி பாதி மலையில இழுவை இல்லாம திணறுது, காலைல ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்குதுன்னு, அது சரியாயிடுச்சுங்க. இன்ஜின்ல டீசலை பீச்சுற நாசில், பம்ப்புல கோளாறுன்னு நிறைய பேர் சொன்னீங்க, ஆனா எதையும் கழட்டறதுக்கு முன்னாடி மெக்கானிக் அண்ணன் ஃபீட் பம்புக்கு (டேங்க்லேர்ந்து டீசலை இழுக்குற பம்ப்) முன்னால உள்ள தெரியுற மாதிரி ஒரு சாண் பிளாஸ்டிக் டியூப் மாட்டி பாக்க சொன்னாரு, பாத்தா டீசலோட பொடிப்பொடியா காத்துக் குமிழி ஓடுது, அதான் இழுவை இல்ல! டேங்க்லேர்ந்து வர்ற ஹோஸ்ல கிளாம்ப் கிட்ட மயிரிழை வெடிப்பு. அது பம்ப் உறிஞ்சுற பக்கம், ஓடும்போது டீசல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும், அதான் ஒரு மாசமா கண்ணுல படல. ராத்திரி நிக்கும்போது டீசல் டேங்குக்கே இறங்கிடும், அதான் காலைல தகராறு. ஹோஸ், செம்பு வாஷர் புதுசு போட்டு, உள்ள சிக்குன காத்து போக ஃபில்டர் மேல ஏர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி நுரை நிக்கிற வரை கை பம்ப் அடிச்சோம். நேத்து உர மூட்டையோட அரவேணு வரைக்கும் ஒரே இழுப்பு, மனசு நிறைஞ்சு போச்சு.